சீடி தொலையல மச்சான்

மச்சான்,

கோவிச்சுக்காத. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூடப் போடல. பிள்ளைங்க சுகம், ஹட்டன்ல மழை விட்டபாடில்ல, நம்ம 'முழங்கால்' வாத்தியார் பென்ஷன் எடுத்துட்டாரு. அவ்வளவுதான்.

விஷயம் வேற. பஸ்ல தொலைஞ்சி போச்சின்னு சூடம் அணைச்சி சத்தியம் பண்ணினேனே, அந்த சீடி தொலையல. லயத்து வீட்டை ஒதுக்கப் போனா, முருகன் படத்துக்குப் பின்னால இருக்கு. யேசு பாட்டுன்னு நீ அன்னிக்கு அளந்ததை நம்பி அம்மா துணியில சுத்தி வச்சிருக்கு! பேண்டுக்கு ஜீசஸ் லிஸார்ட்னு பேரு வச்சவனுங்க அம்மாவைப் பார்த்திருக்கணும்.

அப்ப எனக்கு அது வெறும் இரைச்சல். இப்ப ஒரு வாரமா வேற எதுவும் ஓடல. 'கோட்' ஆல்பம், 1991, ஒன்பதே பாட்டு, அரை மணித்தியாலம். காமன் கூத்துக்கு முந்தி தப்பை நெருப்புல காய்ச்சி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாங்களே, இவனுங்க ட்ரம்மர் மெக்நீலி அடியில அதே விறைப்பு. முதல்ல வந்த 'ப்யூர்' ரெக்கார்ட்ல ட்ரம் மெஷினை வச்சுதானே ஓட்டினானுங்க! டெனிசன் கிடார் கவ்வாத்துக் கத்தி மாதிரி, சாய்ச்சி ஒரே வெட்டு. இரைச்சல்னு சொன்னது என் காதோட குத்தம்டா. ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது.

அது இதை ரெக்கார்ட் பண்ணின சிகாகோ இன்ஜினியர் ஸ்டீவ் அல்பினி கைவேலை. தன்னை 'புரொடியூசர்'னு போடவே விடாத மனுசன். ராயல்டி வேணாம், பிளம்பருக்குக் குடுக்கிற மாதிரி செஞ்ச வேலைக்குக் கூலி போதும்னு சொன்னவன். 2024 மே மாசம், 61 வயசுல போயிட்டான். சம்பளத்துக்காக ரோட்டுல குந்துற நம்ம ஊர்ல அவன் கதையை யாருக்கிட்ட சொல்றது?

இன்னொண்ணு. அப்பாவுக்குக் காது சுத்தமா போச்சிடா. தேயிலை ஸ்டோர்ல ரோலர் பக்கத்துலயே 31 வருசம், காதுக்கு ஒரு பஞ்சுகூட யாரும் குடுக்கல. காது மெஷின் வாங்கித் தாரேன்னா வேணாங்கிறாரு. முந்தாநாள் நான் அந்த சீடில 'சீசிக்' பாட்டு போட்டுட்டிருந்தேன். பாடகன் டேவிட் யோவ் தனக்கு நீந்தத் தெரியாதுன்னு கத்துவானே, குரலை அடியில போட்டு அமுக்கியிருப்பாங்களே, அதுதான். அப்பா வந்தாரு, ஸ்பீக்கர் பெட்டி மேல உள்ளங்கையை வச்சாரு, பாட்டு முடியுமட்டும் எடுக்கல. பிறகு, "பெல்ட்டு லூசா இருக்கு, ஃபிட்டரைக் கூப்பிடு"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

சிரிச்சேன். ராத்திரி தூக்கம் வரல.

நீ சொன்னா கேப்பாரு. சின்ன வயசுலருந்தே உன் பேச்சுன்னா அவருக்கு வேதம், எனக்கு அதுல இப்பவும் பொறாமைதான். தீபாவளிக்கு வந்து காது மெஷின் விஷயத்தைப் பேசி முடி. வரும்போது இவனுங்க முதல் ஆல்பம் 'ஹெட்' இருந்தா கொண்டு வா. சீடியைத் திருப்பிக் கேக்காத, அம்மா தராது.

உன்
ரோதைமுனி