ஆலைக்குப் பின்னால் கிடக்கும் நிலம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நிறுவனத்தின் நிலங்கள் அனைத்தையும் கவனிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஓய்வு பெற்றபின் என் காலைப்பொழுதுகள் பறவைக் கணக்கெடுப்பில்தான் கழிகின்றன என்பதால், விரிவாக்கத்துக்கென வாங்கிப்போட்டு ஆண்டுக்கணக்கில் வேலிக்குள் கிடக்கும் நிலத்தைக் காட்டுயிர்களுக்காகப் பேணலாமா, அதற்கு நிர்வாகத்தை எப்படி இசையவைப்பது என்று நீ கேட்டிருப்பதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிலம் வெறுமையாக இல்லை. மாதந்தோறும் புல்லை ஒட்ட வெட்டுவதும், புதர்களை அகற்றுவதும், களைக்கொல்லி தெளிப்பதுமாக நாம்தான் அதை வெறுமையாக்கிக்கொண்டிருக்கிறோம், அதுவும் நிறுவனத்தின் செலவில். ஆகவே உன் முதல் முன்மொழிவு செலவைக் குறைப்பதாகவே இருக்கட்டும். புல்வெட்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் பறவைகள் முட்டையிடும் பருவம் முடிந்தபின், நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் நடந்தால் போதும். மற்ற பகுதிகளின் முறை அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும். பட்டுப்போன மரம் ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் நிற்கட்டும்.

இதைக் கேட்டதும் நிர்வாகக் குழுவில் யாரேனும் மரக்கன்று நடும் விழா ஒன்றை முன்மொழிவார்கள். அதில்தான் நீ உறுதியாக நிற்க வேண்டும். ஆள்காட்டியும் வானம்பாடியும் திறந்த வெளியில், தரையில் முட்டையிடுகின்றன. இயல்பான புல்வெளியில் வரிசையாக மரம் நட்டால் அவை இடம்பெயரும். நீர்நிலை இருந்தால், அதில் மீன்குஞ்சுகளை விடும் யோசனைக்கும் இடங்கொடுக்காதே, தவளைகளின் முட்டைகள் மிஞ்சாது. எதை நடுவது என்பதற்கு முன், அங்கே என்ன வாழ்கிறது என்பதை எல்லாப் பருவங்களிலும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

முற்றிலும் சிதைந்த நிலத்தின் கதை வேறு. கென்யாவின் மொம்பாசா அருகே பம்பூரி சிமெண்ட் நிறுவனத்தின் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் 1971-ல் வேளாண் வல்லுநர் ரெனே ஹாலர் நிலத்தை மீட்கும் பணியைத் தொடங்கியபோது அங்கே மண்ணே இல்லை. 26 வகை மரங்களை நட்டுப் பார்த்ததில் மூன்றே தாக்குப்பிடித்தன; அவற்றுள் சவுக்குதான் கைகொடுத்தது. ஆனால் உதிர்ந்த சவுக்கு இலைகள் மக்காமல் குவிந்தன. அவற்றைத் தின்று எருவாக்க மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அப்படித்தான் மண் உருவானது. அந்த இடம் இன்று ஹாலர் பூங்கா என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு நிறுவனம் பொறுமையோடு ஒருவரைப் பல்லாண்டுகள் பணிசெய்ய விட்டது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்க்கிறது.

உன் சட்டப்பிரிவினரின் அச்சம் நியாயமானதே என்று நினைக்கிறேன். அரிய உயிரினம் ஒன்று குடியேறிவிட்டால், நாளை அந்த நிலத்தில் கட்டடம் எழுப்ப முடியாமல் போகுமோ என்பதுதான் அவர்கள் கவலை. இதே அச்சத்தால் அமெரிக்காவில் நில உரிமையாளர்கள் சிலர், அருகிவந்த ஒரு மரங்கொத்தி இனம் தங்கள் நிலத்துக்கு வராதிருக்கவே முதிர்ந்த பைன் மரங்களை வெட்டியதுண்டு. அதற்கு மாற்றாக, வட கரோலினாவில் 1995-ல் ஓர் ஒப்பந்த முறை தொடங்கியது: இப்போதுள்ள எண்ணிக்கையைக் காப்பது உரிமையாளரின் பொறுப்பு; அதற்கு மேல் பெருகும் பறவைகளால் அவருக்குப் புதிய கட்டுப்பாடு வராது. நெதர்லாந்திலும் ‘தற்காலிக இயற்கை’ என்ற ஏற்பாடு உண்டு; கட்டுமானம் தொடங்கும்வரை நிலத்தை இயற்கைக்கு விட்டுவைக்க முன்கூட்டியே அனுமதி பெறலாம். சில ஆண்டுகளுக்கு மட்டும் கிடைக்கும் வாழிடத்தால் என்ன பயன் என்று தோன்றலாம். அந்த ஆண்டுகளில் அங்கே பிறந்து பறந்துபோன தலைமுறைகள் வேறிடங்களில் வாழும் அல்லவா? ஆகவே உங்கள் அரசுத் துறையிடம் இத்தகைய எழுத்துவழி உறுதி கிடைக்குமா என்று முதலிலேயே விசாரித்துவிடு.

அரசுகளுக்கும் இதில் அக்கறை கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் கனடாவின் மொன்றியலில் ஏற்கப்பட்ட உலகப் பல்லுயிர் உடன்பாடு, 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பேணிக் காப்பதை இலக்காக வைத்திருக்கிறது. சரணாலயங்களை மட்டும் நம்பி அந்த இலக்கை எட்டுவது கடினம் என்பதால், வேறு நோக்கத்துக்கான நிலமானாலும் பல்லுயிர் நிலைத்துத் தழைக்கும் இடங்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்று வழிவகுத்திருக்கிறார்கள். ஜப்பானில் 2023 முதல் நிறுவனங்களின் காடுகளும் பசுமைவெளிகளும் இவ்வகையில் அரசுச் சான்று பெற்றுவருகின்றன. இதை உன் குழுவிடம் சொல்.

அதே நேரத்தில், முன்வாயில் வழியே கழிவுநீரை ஆற்றில் விட்டுக்கொண்டு, பின்புறத்து வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுத்து ஆண்டறிக்கையில் போடும் நிறுவனங்களுக்கு நான் துணைபோக மாட்டேன். உன் நிறுவனம் உண்மையாகவே இதைச் செய்வதானால், கணக்கெடுப்பை வெளியாட்களிடம் ஒப்படைத்து, முடிவுகளை நல்லதோ கெட்டதோ அப்படியே வெளியிட வேண்டும். நிலம் கைமாறினால் பராமரிப்பு என்னவாகும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் நில வரைபடத்தையும், புல்வெட்டு ஒப்பந்தத்தின் நகலையும் எனக்கு அனுப்பிவை. எந்தப் பகுதியை முதலில் விட்டுவைக்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நாளுக்குள் அது உன் கையில் இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்