வேளாங்கண்ணி நடைபயணப் பாதையில் குடிநீர் நிரப்பும் நிலையங்கள் அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழ்வேளூர் – நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி சாலையோரக் கிராமங்களின் விவசாயிகள், தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் நடத்துவோர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.

பொருள்: வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து வருவோருக்கு 3 கிலோமீட்டருக்கு ஒரு குடிநீர் நிலையம் அமைத்து, தண்ணீர் பாக்கெட், பாட்டில், பேப்பர் கப், கேரி பேக் ஆகியவை சாலையிலும் வாய்க்காலிலும் சேர்வதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 7 பெரிய தேர். 8ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள். இந்த நாட்களிலும், இதற்குப் பத்து நாள் முன்பிருந்தும், காவி உடுத்திய மக்கள் மூன்று பக்கமிருந்தும் நம் மாவட்டத்துக்குள் நடந்து வருகிறார்கள்: தஞ்சாவூர், திருவாரூர் வழியாக ஒரு கூட்டம், காரைக்கால், நாகூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கூட்டம், தெற்கே திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கமிருந்து ஒரு கூட்டம். சாதி, மதம் பார்க்காமல் இவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுப்பது இந்தச் சாலையோர ஊர்களின் வழக்கம். அந்தக் கொடை ஒரு துளியும் குறையக்கூடாது. எதில் ஊற்றிக் கொடுக்கிறோம், எதில் கட்டிக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு அரசின் கை தேவைப்படுகிறது.

தடை ஆணை ஏற்கெனவே இருக்கிறது. 2018ஆம் ஆண்டு அரசாணை 84இன்படி 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு, எந்தத் தடிமனில் இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டு எல்லாமே அதில் அடங்கும். 1.7.2022 முதல் ஒன்றிய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் திருவிழாவுக்கு முன் சோதனை நடந்து மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்த மறுநாளே, வேறு வண்டியில் அதே சரக்கு வந்து இறங்குகிறது. வெயிலில் 20 கிலோமீட்டர் நடந்து தாகத்தோடு வருபவர் நிற்கும் இடத்தில் நம்பிக் குடிக்கக் குழாய் கிடையாது. பெட்டிக்கடை மட்டும் இருக்கிறது. அங்கே கிடைப்பதை அவர் வாங்குகிறார். பாட்டில் தண்ணீர் தடைப் பட்டியலிலும் இல்லை. ஆகவே எவ்வளவு அபராதம் போட்டாலும், தண்ணீருக்கு வழி செய்யாமல் இது தீராது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடலை ஒட்டிய ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து வருபவர் சாலையோர அடிபம்பில் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பிவிட்டு நேராகக் கடைக்குப் போகிறார். ஒரு இடத்தில் உப்புத் தண்ணீர் குடித்தவர் அடுத்த ஐந்து குழாயை நம்ப மாட்டார். எனவே நிரப்பும் நிலையங்களில் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் மட்டுமே வர வேண்டும். “கொள்ளிடம் குடிநீர்” என்று கொட்டை எழுத்தில், தூரத்திலிருந்தே தெரியும்படி எழுதி வைக்கவும் வேண்டும்.

இந்தக் குப்பை எங்கே போகிறது என்பதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறோம். திருவிழாக் காலம், கடைமடைக்கு முறை வைத்துத் தண்ணீர் வரும் காலம். சம்பாவுக்கு நாற்றங்காலும் நேரடி விதைப்பும் நடக்கும் காலமும் அதுவே. சாலையோரம் விழும் பாட்டில் வாய்க்காலில் மிதந்து மதகின் முகப்பில் சேரும். அதைக் கண்ணால் பார்க்கலாம், கொக்கி போட்டு இழுத்துவிடலாம். மெல்லிய கவர் மிதப்பதும் இல்லை, முழுதாக மூழ்குவதும் இல்லை. நடுநீரில் வந்து ஷட்டர் இறங்கும் காடிக்குள் சுருண்டுகொள்ளும். அதன்மேல் ஆகாயத்தாமரை வேர் பின்னிக்கொண்டால் ஷட்டர் முழுதாக இறங்காது, ஏறவும் செய்யாது. தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் குடிப்பார்கள். கடித்துத் துப்பிய மூலை நகத்தளவுதான் இருக்கும். எந்த விளக்குமாற்றிலும் வாரியிலும் அது சிக்காது. மழையில் வாய்க்காலுக்குப் போய், பாய்ச்சும் தண்ணீரோடு வயலுக்கு வந்து, களை எடுக்கும்போது சேற்றோடு விரலில் ஒட்டி வரும். கடைமடையில் பாசன வாய்க்காலே பல இடங்களில் வடிகாலாகவும் இருப்பதால், சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்கள் அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் பயிர் நின்ற நீரில் அழுகும்.

ஆகவே கீழ்வேளூரிலிருந்து வேளாங்கண்ணி வரையிலும், நாகூரிலிருந்து நாகப்பட்டினம் வரையிலும், 3 கிலோமீட்டருக்கு ஒன்றாகக் குடிநீர் நிலையங்கள் வேண்டும். கீழ்வேளூர், ஆழியூர், சிக்கல், புத்தூர், நாகூர், நாகப்பட்டினம் பேருந்து நிலையம், பாப்பாகோவில், கருவேலங்கடை, பரவை ஆகிய இடங்களைப் பரிந்துரைக்கிறோம். இடையில் தூரம் கூடும் இடத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். 3 கிலோமீட்டர் என்பது களைத்தவருக்கு முக்கால் மணி நேர நடை. அந்த இடைவெளி உறுதியானால் அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில் போதும். இடைவெளி 8, 10 கிலோமீட்டர் என்றால் 2 லிட்டர் சுமக்க வேண்டும். சுமக்க முடியாமல் வீட்டுப் பாட்டிலைப் பையில் போட்டுவிட்டுக் கடைப் பாட்டிலையே வாங்குவார்கள்.

ஒரு குழாயில் 1 லிட்டர் நிரம்ப ஏறத்தாழ 10 வினாடி. மூடி திறந்து, பிடித்து, நகர்வதையும் சேர்த்தால் 20 வினாடி. அப்படியானால் ஒரு குழாய்க்கு மணிக்கு 180 பேர், நிலையத்துக்கு 8 குழாய் வைத்தால் 1,440 பேர். ஆனால் மக்கள் சீராக வருவதில்லை, ஐம்பது அறுபது பேராகச் சேர்ந்து வந்து நிற்கிறார்கள். அதனால் இதில் பாதிதான் நடக்கும். மணிக்கு 700 லிட்டர் என்று வைத்தாலும் 2,000 லிட்டர் தொட்டி மூன்று மணி நேரம் தாங்காது. எனவே நிலையத்துக்கு 2,000 லிட்டர் தொட்டி இரண்டு தேவை. ஒன்றில் குளோரின் கலந்து தண்ணீர் நிற்கும்போது மற்றொன்றிலிருந்து பிடிக்கலாம். தொட்டியின் அடி தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும். தாழ வைத்தால் பாதித் தொட்டிக்குக் கீழே வேகம் குறைந்து வரிசை நீளும், வரிசை நீண்டால் ஆட்கள் கடைக்குத் திரும்பிவிடுவார்கள். தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல் கட்டாயம். கறுப்புத் தொட்டி மதிய வெயிலில் கொதித்துவிடும். சூடான தண்ணீரை வாயில் வைத்தவர் அப்படியே கீழே கொட்டிவிடுவார்.

குழாய் பொருத்துவதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. பேருந்து நிலையங்களில் குழாயைக் கீழே உள்ள கழுவு தொட்டியை ஒட்டித் தாழ அமைத்துவிடுகிறார்கள். கை கழுவலாம், பாட்டில் நிற்காது. சாய்த்துப் பிடித்தால் பாதிதான் நிரம்பும். 1 லிட்டர் பாட்டில் சுமார் 27 செ.மீ. உயரம். ஆகவே குழாய் வாய்க்கும் கீழே பாட்டில் வைக்கும் கல்லுக்கும் 35 செ.மீ. இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் உதிரிக் குழாய் இரண்டும், ஸ்பானரும், டெஃப்லான் டேப்பும் இருக்க வேண்டும். சிந்தும் நீருக்கு உறிஞ்சுகுழி வெட்டிப் பயனில்லை. நம் மண்ணில் நீர்மட்டம் மேலேயே இருப்பதால் குழி இரண்டே நாளில் நிரம்பிச் சேறாகிவிடும். சிறு கால்வாய் எடுத்து வடிகாலில் சேர்ப்பதே சரி.

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். அதை நேரே தொட்டியில் கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். கடைசிக் குழாயில் குளோரின் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்கிறதா என்று குளோரோஸ்கோப் என்னும் சோதனைக் கருவியில் பார்க்க வேண்டும். திறந்து கிடந்த மூட்டைப் பவுடருக்கு வீரியம் போயிருக்கும். அதை ஈடுகட்ட அள்ளிப் போடுவதால்தான் வாடை அடித்து மக்கள் முகம் சுளிக்கிறார்கள். தொட்டி ஆபரேட்டர்களுக்குப் புதுப் பாக்கெட்டாகக் கொடுங்கள்.

லாரித் தண்ணீர் வரும் நேரமும் முக்கியம். நடப்போர் உச்சி வெயிலில் மரத்தடியில் படுத்துவிட்டு, விடியற்காலையிலும் மாலைக்கு மேலும்தான் நடக்கிறார்கள். காலை 11 மணிக்கு லாரி வந்து பயனில்லை. அதிகாலை 3 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் தொட்டிகள் நிறைந்திருக்க வேண்டும். இரவில் குழாயடியில் விளக்கு வேண்டும்.

பாட்டில் இல்லாமல் வருவோருக்கு எவர்சில்வர் டம்ளர் வைக்கலாம். சங்கிலியில் கட்டிய ஒற்றை டம்ளரை யாரும் விரும்பித் தொடுவதில்லை. ஐம்பது டம்ளரும், கழுவ மூன்று வாளியும், இரண்டு தன்னார்வலர்களும் போதும். ஆட்களை நாங்கள் தருகிறோம்.

அன்னதானத்தில் பொட்டலம்தான் பெரிய சிக்கல். பிளாஸ்டிக் தாளில் சோறும், கவரில் சாம்பாரும் கட்டுவது வேகமாக முடிகிறது, அதனால் விட முடியவில்லை. குழம்பை விட்டுப் புளிச்சோறு, எலுமிச்சை சாதம், தயிர்ச்சாதம் என்று மாறினால் சாம்பார் கவருக்கு வேலையே இல்லை. வாழை இலையைப் பச்சையாக மடித்தால் நரம்போடு கிழியும். தணலில் இரு பக்கமும் லேசாக வாட்டினால் துணி போல மடியும். வெளியே பழுப்புத் தாள் சுற்றி நூல் கட்டலாம். செய்தித்தாள் வேண்டாம், சூட்டில் மை சோற்றில் இறங்கும். இலைக்குத் திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கத்து வாழை விவசாயிகளிடம் தோட்டக்கலைத் துறை முன்கூட்டியே பேசி விலை முடித்துத் தந்தால், பந்தல் நடத்துவோர் பணம் கட்டி எடுத்துக்கொள்வார்கள். உட்கார்ந்து சாப்பிடும் பந்தல்களுக்கு இலையோ பாக்குமட்டைத் தட்டோ போதும். பேப்பர் கப் தடைக்குள் வருகிறது என்பது பல கடைக்காரர்களுக்கே தெரியாது. “பேப்பர்தானே” என்கிறார்கள். உள்ளே வழவழப்பாக இருப்பது பிளாஸ்டிக் பூச்சு என்று உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஒரு கப்பைக் கிழித்து உரித்துக் காட்டினாலே புரிந்துவிடும். அபராதம் அதற்குப் பிறகு வரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாட்டில்கள் வரத்தான் செய்யும். நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கிறது, மக்களும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதேபோல் வேளாங்கண்ணி பேரூராட்சி எல்லைக்குள் மட்டும், திருவிழா நாட்களில் விற்கும் தண்ணீர் பாட்டிலுக்கு ஒட்டுவில்லையும், காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் முன்பணமும் வைத்துப் பார்க்கலாம். சேரும் பாட்டிலில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, நசுக்கி, பிறகு மூடியைத் திருக வேண்டும். நசுக்காத பாட்டில் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. 1 லிட்டர் பாட்டில் சுமார் 20 கிராம்தான், ஒரு கிலோ சேர ஐம்பது பாட்டில் வேண்டும். அதனால்தான் பழைய பொருள் எடுப்போர் அதைத் தொடாமல் போகிறார்கள். பேரூராட்சி நசுக்கிக் கட்டிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். எக்காரணம் கொண்டும் சாலையோரத்தில் கொளுத்த அனுமதிக்கக் கூடாது.

மெழுகுவர்த்தி, மாலை, தென்னங்கன்று விற்கும் கடைகளுக்குக் கேரி பேக்குக்குப் பதில் பனையோலைப் பெட்டி வழங்கலாம். பேருந்து நிலையங்களில் மஞ்சப்பை இயந்திரம் வைத்தால், பை தீர்ந்த அன்றே நிரப்ப ஒரு பொறுப்பாளரையும் நியமிக்க வேண்டும்.

அறிவிப்பு ஆடி மாதத்திலேயே போய்ச் சேர வேண்டும். கிளம்பி நடக்கத் தொடங்கியவரிடம் பாட்டில் கொண்டு வா என்று சொல்லிப் பயனில்லை. பேராலய நிர்வாகத்தின் மூலம் பங்கு ஆலயங்களுக்குத் தமிழ், மலையாளம், தெலுங்கு மொழிகளில் ஒரு பக்கத் தாள் அனுப்பலாம்: ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு துணிப்பை. தாளின் பின்பக்கம் குடிநீர் நிலையங்களின் பெயரும் இடைத் தூரமும் இருக்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் பாட்டில் கொண்டு வரத் துணிவு வரும்.

எனவே, திருவிழா முன்னேற்பாட்டு ஆலோசனைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தனிப் பொருளாகச் சேர்க்கவும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், ஊரக வளர்ச்சித் துறை, நெடுஞ்சாலைத் துறை, நீர்வளத் துறை, பேரூராட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிலையத்தின் பொறுப்பையும் எழுத்தில் பிரித்துக் கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறோம். அனைத்தையும் இந்த ஆண்டே செய்ய இயலாவிட்டால், நாகப்பட்டினம் – வேளாங்கண்ணி இடையிலான நிலையங்களை மட்டுமாவது ஆகஸ்ட் 15க்குள் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இடம் காட்டவும், பந்தல் போடவும், முறை வைத்துக் காவல் இருக்கவும் எங்கள் ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாலையோரக் கிராம மக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்:
செயல் அலுவலர், வேளாங்கண்ணி பேரூராட்சி.