மர்ஃபிக்கு இரண்டாம் முறை

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் 14, 2021

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. தென்காசிப் பக்கம் ஊராட்சித் தேர்தல் முடிந்து உன் மைத்துனர் வார்டு உறுப்பினராகிவிட்டார் என்று படித்ததும் வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அவருக்கு எங்கள் வாழ்த்தைச் சொல். கடிதத்தின் கடைசியில் "கவர்னருக்கு எதற்கப்பா தேர்தல்?" என்று கேட்டிருந்தாயே, அதற்கே இம்முறை விரிவாக எழுத நினைக்கிறேன்.

நம் ஊரில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். நியூ ஜெர்சி ஆளுநருக்கு அதிகாரம் இன்னும் கூடுதல். மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலையும் நீதிபதிகளையும் கவுண்டிகளின் (நம் மாவட்டங்களைப் போன்றவை) அரசு வழக்கறிஞர்களையும் சட்டமன்றத்தின் மேலவையான மாநில செனட்டின் ஒப்புதலோடு அவரே நியமிக்கிறார். வரவுசெலவுத் திட்டத்தில் தமக்கு ஒவ்வாத ஓர் ஒதுக்கீட்டை மட்டும் அடித்துவிடவும் அவரால் முடியும். இவ்வளவு அதிகாரம் ஒருவரிடம் இருப்பதால், மாநிலத்தில் எது நடந்தாலும் மக்கள் அவரையே பார்க்கிறார்கள்.

இம்முறை பதவியில் இருந்தபடி மறுபடியும் நின்றவர் ஜனநாயகக் கட்சியின் ஃபில் மர்ஃபி. எதிர்த்து நின்றவர் குடியரசுக் கட்சியின் ஜாக் சிட்டரெல்லி. சென்ற ஆண்டு அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடன் ஏறத்தாழ 16 சதவீத வித்தியாசத்தில் வென்ற மாநிலம் என்பதால், மர்ஃபி எளிதில் வென்றுவிடுவார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். குடியுரிமை பெற்ற பிறகு ஆளுநர் தேர்தலில் நான் வாக்களித்தது இதுவே முதல் தடவை. அக்டோபர் 23 முதல் 31 வரை முன்கூட்டியே நேரில் சென்று இயந்திரத்தில் வாக்களிக்கும் ஏற்பாடு இந்த ஆண்டுதான் முதன்முதலாக வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் நானும் மனைவியும் போய் வாக்களித்துவிட்டு வந்தோம்.

நவம்பர் 2 இரவு எண்ணத் தொடங்கியபோது நிலைமை வேறாக இருந்தது. இரவின் பெரும்பகுதி சிட்டரெல்லி முன்னணியில் இருந்தார். தபால் வாக்குகளும் பெரிய கவுண்டிகளின் வாக்குகளும் எண்ணப்பட்டு, மறுநாள் மாலையில்தான் மர்ஃபி வென்றதாகச் செய்தி வந்தது. வித்தியாசம் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 2017-இல் இதே மனிதர் 14 சதவீத வித்தியாசத்தில் வென்றிருந்தார். சிட்டரெல்லி தோல்வியை ஒப்புக்கொண்டது நேற்று முன்தினம்தான். இவ்வளவுக்கும் நடுவில், மாநில செனட்டின் தலைவராகப் பல ஆண்டுகள் கோலோச்சிய ஸ்டீவ் ஸ்வீனி, எட்வர்ட் டர் என்னும் லாரி ஓட்டுநரிடம் தம் சொந்தத் தொகுதியில் தோற்றுப்போனார். அதை யாருமே எதிர்பார்க்கவில்லை.

காரணம் என்ன என்று கேட்டால், முதலில் நான் சொல்வது சொத்து வரியைத்தான். நாட்டிலேயே மிக அதிகமான சொத்து வரி இங்கேதான். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு தவணைகள்; ஒவ்வொன்றும் மாதத்தின் முதல் நாளில் கட்ட வேண்டியவை. நினைத்துப் பார், நவம்பர் 1-இல் வரி, மறுநாள் தேர்தல்! என் ரசீதை எடுத்துப் பார்த்தால், தொகையில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. விதிப்பவர்கள் பள்ளி வாரியமும் நகராட்சியும் கவுண்டியும்தான். ஆனால் பள்ளிகளுக்கு மாநிலம் தரும் உதவி குறைந்தால் வரி ஏறுகிறது என்பதால் ஆளுநர் கைகழுவிவிடவும் முடியாது. வரிதான் உங்கள் கவலை என்றால் இது உங்களுக்கு ஏற்ற மாநிலம் அன்று என்னும் பொருளில் மர்ஃபி 2019-இல் பேசிய பேச்சைச் சிட்டரெல்லி விளம்பரங்களில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். ஒரு தலைவர் வாயிலிருந்து அப்படிப்பட்ட சொல் வந்திருக்கக் கூடாது என்றே நானும் கருதுகிறேன்.

இந்த மாநிலத்தில் வரி ஆளுநர்களைக் கவிழ்த்தும் இருக்கிறது. 1990-இல் ஜிம் ஃப்ளோரியோ 280 கோடி டாலர் அளவுக்கு வரிகளை உயர்த்தினார். 1993-இல் கிறிஸ்டின் விட்மனிடம் ஒரு சதவீத அளவு வித்தியாசத்தில் தோற்றார். ஆனால் 1976-இல் வருமான வரியையே கொண்டுவந்த பிரெண்டன் பைர்ன், மறு ஆண்டே மீண்டும் வென்றார். அதற்குப் பின் மறுதேர்தலில் வென்ற முதல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் மர்ஃபிதான். இடையே 44 ஆண்டுகள்.

நான் மர்ஃபிக்கே வாக்களித்தேன். காரணத்தை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ஒவ்வொரு பிற்பகலும் செய்தியாளர்களைச் சந்தித்த அவர், இறந்தவர்களுள் சிலரின் பெயரைச் சொல்லி, அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், யாரை விட்டுப் போனார்கள் என்று சொல்வார். வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் அதைக் கேட்டு என் மனைவி அழுதிருக்கிறாள். ஆனால் முதியோர் இல்லங்களில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் இறந்ததற்கு அவருடைய அரசும் பதில் சொல்லியாக வேண்டும் என்று பக்கத்து வீட்டு நண்பர் வாதாடுகிறார். அந்த நண்பரின் தாயார் அப்படி ஓர் இல்லத்தில்தான் இறந்துபோனார். அவர் சிட்டரெல்லிக்கு வாக்களித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொடர்ந்து மூன்றாம் முறை நிற்க இங்கே சட்டம் இடம் தராது. ஆகவே 2025-இல் இரு கட்சிகளுக்கும் புதிய களம். சிட்டரெல்லி மறுபடியும் நிற்கப்போவதாக இப்போதே சொல்லிவிட்டார். பிப்ரவரி 1-ஆம் தேதி அடுத்த வரித் தவணை. என் நண்பரும் நானும் அன்று இதே பேச்சைத் தொடங்குவோம். உன் மைத்துனர் வார்டில் முதலில் எதைக் கையில் எடுக்கிறார், குடிநீரா, தெருவிளக்கா என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமநாதன்