மலைக்கிராமத் தொடக்கப் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர் வேண்டி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
நாட்டு நலப்பணித் திட்ட மாணவ, மாணவியர்,
ஜவ்வாது மலைச் சிறப்பு முகாம் அணி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி – ஓராசிரியரால் ஐந்து வகுப்புகள் நடத்தப்படுவது – இரண்டாவது ஆசிரியர் நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர் நாள் கூட்டத்தில் ஊர் மக்களும் நாங்களும் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக ஜவ்வாது மலையின் இச்சிற்றூருக்குச் சென்று, அங்குள்ள பள்ளியிலேயே தங்கி, அப்பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த மாணவர்கள் நாங்கள். ஊரைப் பற்றித் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மனுநீதி நாள் முகாமுக்காகத் தாங்களே அந்த மலைப்பாதையில் வந்திருக்கிறீர்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஓடையைக் கடந்து ஏறும் வழியும், சாமைக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கும் ஓட்டுக் கட்டடமும் தாங்கள் நேரில் பார்த்தவையே. ஆகவே குறையை மட்டும் பணிவுடன் முன்வைக்கிறோம்.

1. பள்ளியில் ஐந்து வகுப்புகள் உள்ளன. முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் படிக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர்.

2. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். குழந்தைகள் எத்தனை குறைவாக இருந்தாலும் ஓராசிரியர் போதும் என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை.

3. பணியில் உள்ள ஆசிரியை மீது எங்களுக்கோ ஊராருக்கோ எந்த மனக்குறையும் இல்லை. அடிவாரத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்து, ஓடையையும் கடந்து ஏறி வரும் அவர், தம்மால் முடிந்ததற்கு மேலேயே செய்கிறார். ஆனால் பயிற்சி, கூட்டம், உடல்நலக் குறைவு என்று அவர் வர இயலாத நாளில் பள்ளி பூட்டப்படுகிறது. பூட்டிய பள்ளியில் காலை உணவும் கிடையாது, சத்துணவும் கிடையாது. பெற்றோர் கொல்லைக்குப் போய்விட, பிள்ளைகள் வாசற்படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆடு மேய்க்கப் போய்விடுகிறார்கள்.

4. எங்களை மிகவும் வருத்துவது இதுதான், ஐயா. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். ஒரே அறையில் ஐந்து வகுப்பும் நடப்பதால், பிள்ளைகள் எல்லாப் பாடங்களையும் காதால் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஐந்தாம் வகுப்புச் செய்யுளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறான். கேட்டவுடன் நாங்கள் கைதட்டினோம். பிறகுதான் புரிந்தது. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வரிகளின் கீழ் விரலை ஓட்டியபடி ஒரு பக்கம் முழுவதையும் சரளமாகப் படித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தபோது விரல் அசையவில்லை. அந்தப் பாடம் இன்னும் வகுப்பில் நடத்தப்படவில்லை, அவள் காதில் விழவில்லை. ஐந்து ஆண்டுகள் தவறாமல் பள்ளிக்கு வந்த பெண், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் தலைகுனிந்து நின்றாள். இது அவள் குற்றமா? ஒன்றாம் வகுப்புக்குக் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை, அதே நேரத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கும் எப்படி நடத்துவார்? நடுவில் உள்ள மூன்று வகுப்புகள் பாதி நாள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே இருக்கின்றன. அடுத்த ஜூன் மாதம் இந்தப் பெண் தொலைவில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர வேண்டும். அவளுக்கு முன்னால் அப்படிப் போனவர்களில் சிலர், படிக்கத் தெரியாத வெட்கம் தாங்காமல் சில வாரங்களிலேயே வீடு திரும்பி, பெற்றோருடன் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். கணக்கில் அவர்கள் இடைநின்றவர்கள். உண்மையில் அவர்களுக்குப் பள்ளி தொடங்கவே இல்லை.

5. முகாமில் நாங்கள் சுவருக்கு வெள்ளையடித்தோம், எழுத்து அட்டைகள் செய்தோம், மரக்கன்று நட்டோம். பிள்ளைகளை இருவர் மூவராகப் பிரித்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோம். கடைசி நாள்களில் அந்த மாணவி உட்படப் பலர் எழுத்துக்கூட்டத் தொடங்கினார்கள். அருகில் ஒருவர் உட்கார்ந்தால் அவர்கள் கற்கிறார்கள் என்பதை எங்கள் கண்ணால் கண்டோம். நிறைவு விழாவில் எங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஒரு தாய் மட்டும், "நாளைக்கு யாரு சாமி சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதில் தங்களிடம்தான் இருக்கிறது.

6. முந்தைய மனுக்களுக்கு, "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற குறுஞ்செய்தி வந்தது. பிறகு, மாணவர் எண்ணிக்கை குறைந்து வருவதால், ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கிடையே மாற்றி அமர்த்தும் பணி நிரவலின்போது பரிசீலிக்கப்படும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதன்பின் ஒன்றுமில்லை. ஐயா, எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று யாராவது அந்த ஊரில் போய்க் கேட்டார்களா? சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் பெற்றோர் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் குறைவதும், பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் தர இயலாது என்பதும் எந்த வகையில் நியாயம்? கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, குழந்தையின் உரிமை பற்றிய எழுத்துமூலப் புகாரின் மீது மூன்று மாதத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் காலம் கடந்துவிட்டது. இன்னும் எத்தனை மேசைகளுக்கு இந்தக் காகிதம் போக வேண்டும்? காகிதம் காத்திருக்கும், ஐந்தாம் வகுப்புப் பெண் ஜூன் மாதம் வரைதான் அங்கே இருப்பாள்.

7. மனம் பொறுக்காமல் எழுதியதில் மரியாதைக் குறைவு இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். நிரந்தர நியமனத்துக்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவோம். அதுவரை வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்பலாம். 2022-ஆம் ஆண்டில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசே வழி செய்தது. அதுபோல இப்பள்ளிக்கும் செய்யலாம். ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர்கள் அதே மலையில் இருக்கிறார்கள். ஓடை பெருகினாலும் அவர்களால் பள்ளிக்கு வர முடியும். இதற்கான குழுத் தீர்மானத்தின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

ஆகவே ஐயா அவர்கள் இம்மனுவை வேறு அலுவலகத்துக்கு அனுப்பி முடித்துவிடாமல், தாங்களே நேரில் கவனித்து, வரும் ஜூன் மாதத்துக்கு முன்பாகவே அப்பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியர் ஒருவரை நியமித்து உத்தரவிடுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வேறு எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஓர் ஆசிரியர் வேண்டும், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாட்டு நலப்பணித் திட்ட மாணவ, மாணவியர்