அந்த ரெண்டு சப்-ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டு போங்கள், அண்ணே

அண்ணே,

நாம் சேர்ந்து நடத்திய அறுபது நாற்காலிக் கச்சேரி அறையை மூடி, சாவியைக் கொடுத்துவிட்டேன். அட்வான்ஸில் பெயின்ட் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாக ஓனர் சொல்லியிருக்கிறார். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்ததற்கு மன்னிப்பு. கேட்டிருந்தால் ‘இன்னும் ஒரு மார்கழி பார்த்துடலாம்டா’ என்பீர்கள், நானும் தலையாட்டியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

பொதுவில் எழுதக் காரணம், ஏன் மூடினார்கள் என்று ஆளுக்கொரு கதை ஓடுவதுதான். போலீஸ் தொல்லை என்கிறார்கள். இல்லை. எந்தத் தெரு, எந்த வீடு என்று எழுதப் போவதில்லை. நமக்குள் யார் எவ்வளவு போட்டோம் என்பதும் இங்கே வேண்டாம்.

பொதுவான கணக்கை மட்டும் வைக்கிறேன். 60 நாற்காலி, 300 ரூபாய் டிக்கெட், ஹவுஸ்ஃபுல் என்றால் 18,000. வாசிப்பவர்களுக்கு 70 சதவீதம் போனால் கையில் 5,400. மாதத்தில் எட்டு சனி, ஞாயிறும் நிரம்பினாலும் 43,200. வாடகை 60,000 என்றால் கரென்ட் பில்லுக்கு முன்பே துண்டு விழுகிறது. டிக்கெட்டை 500-க்குள் வைத்தால் ஜிஎஸ்டி கிடையாது, அது ஒன்றுதான் ஆறுதல். பெங்களூரில் இந்தப் பள்ளத்தை பீர் நிரப்புகிறது. இங்கே சென்னையில் பார் உரிமம் ஹோட்டலுக்கும் கிளப்புக்கும்தான். நாம் பஜ்ஜியும் காபியும் விற்று நிரப்பப் பார்த்தோம். டிசம்பரிலோ, மதியக் கச்சேரியை இலவசமாகக் கேட்க எத்தனையோ சபாக்கள் இருக்கும்போது நம் மாடிப்படி ஏற யாருக்குத் தலையெழுத்து?

ஆனால் பணத்தால் மட்டும் மூடவில்லை. பின் வீட்டு அம்மா நம்மைக் கூப்பிட்ட அந்த இரவு நினைவிருக்கிறதா? நம் அறையில் பாண்டு வாசித்துக்கொண்டிருக்க, அவர்கள் சமையலறையில் நாம் நின்றோம். எவர்சில்வர் டம்ளர்கள் ஸ்டாண்டில் கிணுகிணுத்தன. ‘சத்தம் இல்லப்பா, அதிருது’ என்றார். நீங்கள் போனில் சத்தம் அளக்கும் மீட்டரைத் திறந்து காட்டினீர்கள்: 44 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55, இரவு பத்துக்கு மேல் 45. நாம் பத்துக்கு முன்னாலேயே 44-இல் இருந்தோம். ‘ரூல்படி சரியாத்தானே இருக்கு’ என்றீர்கள். அந்த அம்மா பதில் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? அந்த மீட்டர் ‘ஏ’ வெயிட்டிங்கில், அதாவது மனிதக் காதைப் போல அடிசுருதியைக் குறைத்துக் காட்டும் அமைப்பில், இருந்தது. 63 ஹெர்ட்ஸில் அது 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். சுவர் வழியாக வந்தது பெரும்பாலும் கிக் டிரம்மும் பேஸும். 44 என்று காட்டியது உண்மையில் 70. போன் மைக் அடிசுருதியை ஒழுங்காகப் பிடிக்காது என்பதையும் சேர்த்தால் இன்னும் மோசம். அடிசுருதியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’-க்கு மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மாற்றச் சொன்னேன், போனைப் பையில் போட்டுவிட்டீர்கள்.

சுவருக்குச் செய்த வேலையும் அதே இடத்தில்தான் காலை வாரியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், 50 மி.மீ. இடைவெளி, அதில் ராக்வுல் என்கிற கல்லிழைப் பஞ்சு, மேலே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு. பாட்டு, கிடார், வயலின் எல்லாம் அருமையாக அடங்கின. ஆனால் அந்தப் போர்டின் எடையும் அந்த இடைவெளியும் சேர்ந்தால் அமைப்பே சுமார் 60 ஹெர்ட்ஸில் அதிரும். கிக் டிரம் உட்காரும் இடமும் அதுதான். வெறும் சுவரைவிட அந்த ஒரு சுருதியில் அதிகமாகவே கடத்தியிருக்கும். இடைவெளியை 100 மி.மீ. ஆக்கியிருந்தால் 40-க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். பக்கத்துக்கு இன்னும் இரண்டு அங்குலம் போகும், ஒரு வரிசை நாற்காலி குறையும் என்று கணக்குப் பார்த்தோம்.

அடிசுருதிக்கான அந்த 18 அங்குல சப் இரண்டையும் கழற்றுங்கள் என்றேன். அறுபது பேருக்கு மேலே வைக்கிற 12 அங்குல ஸ்பீக்கர், அதாவது டாப், இரண்டு போதும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், பேஸ் ஆம்ப்பைத் தரையிலிருந்து தூக்கி டிஐ பெட்டி வழியாக நேராக மிக்சருக்கு எடுக்கலாம். ‘அப்போ ரேடியோ கேட்கச் சொல்லு’ என்றீர்கள், எல்லோர் முன்னாலும். அது இன்னும் உறுத்துகிறது.

இருந்தாலும் இடப் பக்கத் தொப்பிக்கு ஒரு ஜாண் தள்ளி மைக் வைத்து, வலப் பக்க வலந்தலையின் மீட்டு விசிலடிக்காமல் மிருதங்கத்தை முழுசாகக் கொண்டுவர உங்களை விட்டால் எனக்கு ஆள் தெரியாது. ஃபீட்பேக் எந்த ஹெர்ட்ஸில் கிளம்புகிறது என்று திரையைப் பார்க்காமலே கை ஃபேடருக்குப் போகும். அந்தக் காதுக்கு ஒரு நல்ல அறையை என்னால் கொடுக்க முடியவில்லை.

வளசரவாக்கத்தில் ஒரு முதல் மாடி பார்த்திருக்கிறீர்களாம். மாடியே வேண்டாம் அண்ணே. மண்மேல் உட்கார்ந்த தரை, பொதுச்சுவர் இல்லாத குடோன் தேடுங்கள். 100 மீட்டருக்குள் பள்ளியோ ஆஸ்பத்திரியோ இருந்தால் அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அப்போது பகல் வரம்பே 50. மேடையை ரப்பர் மேல் ஏற்றுவதென்றால் மொத்த எடையைச் சொல்லி ரப்பர் வாங்குங்கள். கெட்டியாக இருந்தால் அதிர்வு அப்படியே இறங்கும், மெத்தென்று இருந்தால் நசுங்கிப் படுத்துவிடும். பதினோரு மாத அக்ரிமென்ட்டை நம்பி சுவரில் பணம் போடாதீர்கள்.

கரென்ட்டில் ஒன்று. ஏசியெல்லாம் இரண்டு ஃபேஸில், ஆடியோ தனி ஃபேஸில் என்பது ஸ்பீக்கரில் ஹம் என்கிற இரைச்சல் வராமல் இருக்க நல்லதுதான். ஆனால் ஜெனரேட்டர் மாற்றும்போது நியூட்ரல் கழன்றால், லோடு குறைந்த ஃபேஸில்தான் 230 என்பது 345-ஐ நெருங்கும். அதாவது உங்கள் மிக்சரில். ஓவர்வோல்டேஜ் ரிலே போடாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். ஹம் வந்தால் டிஐ-யில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சைப் போடுங்கள், எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் வேண்டாம். அது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மிக்சரும் டாப்பும் என்னிடம் இருக்கட்டும். சப் இரண்டும் உங்களுடையவை, கீழே படிக்கட்டுக்கு அடியில் இருக்கின்றன. சனிக்கிழமை பதினோரு மணிக்குள் குட்டி யானையோடு வாருங்கள். அதற்கப்புறம் கீழ் வீட்டுக்காரர் குறுக்கே காரை நிறுத்திவிடுவார்.