‘ஆறு மாத இருள்’: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வடதுருவக் கட்டுரையில், அப்பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் ஆண்டில் ஆறு மாதம் கும்மிருட்டில் முடங்கிக் கிடப்பவர்கள் என்று ஒரு வரி வருகிறது. ஆறு மாத இரவு துருவப் புள்ளிக்குத்தான் பொருந்தும். அங்கே எந்த ஊரும் இல்லை.

கனடாவின் நூனவுட் பகுதியில், ஏறத்தாழ 69 பாகை வட அட்சத்தில் உள்ள இக்லூலிக் ஊரில், நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில் திரும்பிவிடுகிறது. அந்த நாட்களிலும் நண்பகலை ஒட்டித் தெற்கு அடிவானம் வெளுத்து, விளக்கில்லாமல் நடமாடும் அளவுக்குச் சில மணி நேரம் வெளிச்சம் இருக்கும். முழுநிலவை ஒட்டிய நாட்களிலோ நிலவு மறைவதே இல்லை. சப்தரிஷி மண்டலத்தைக் கரிபு மான்களாகக் கண்ட அம்மக்கள், அது வானில் திரும்பியிருக்கும் நிலையை வைத்தே இரவில் பொழுதைக் கணித்தார்கள். நாம் திருவோணம் என்னும் மூன்று விண்மீன்களில் இரண்டுதான் அவர்களுடைய ‘ஆக்யூக்’; நடுக்குளிர்காலத்தில் அது விடியல் பக்கம் தலைகாட்டினால் பகல் திரும்பப்போகிறது என்று பொருள்.

முடங்கிக் கிடந்தார்கள் என்பதும் சரியன்று. விரல்களில் நூலைக் கோத்துக் கரடியும் மனிதனுமாக உருவம் செய்யும் விளையாட்டு இருட்டுக் காலத்துக்கே உரியது. சூரியன் எழுந்தபின் விளையாடினால் அதன் கால்கள் நூலில் பட்டுக் காயமாகும் என்று நூலை எடுத்து வைத்துவிடுவார்களாம். சூரியன் திரும்பிய நாளில் கடல்நாய்க் கொழுப்பில் எரியும் கல்விளக்குகளை அணைத்து, புது நெருப்பால் மீண்டும் ஏற்றினார்கள். குழந்தைகள் அந்த முதல் ஒளியைப் பார்த்துப் பாதி முகத்தால் மட்டும் சிரிக்க வேண்டும். மறுபாதி இறுக்கமாகவே இருக்கும், ஏனெனில் கடுங்குளிர் இன்னும் போகவில்லை. இவ்வளவு நுட்பமான கணக்கு ‘முடங்கிக் கிடப்பவர்கள்’ என்ற இரு சொற்களில் காணாமல் போய்விடுகிறது.

அதற்காக, இருளை எல்லா இனுயிட்டும் ஒரேபோல் அறிந்திருந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. கியூபெக்கின் இனுக்ஜுவாக்கில், குளிர்காலத்திலும் தினமும் சூரியன் எழும் ஊரில் வாழ்ந்த குடும்பங்களைக் கனடிய அரசு 1953இல் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. அங்கே கரையிறங்கிய சுமார் இரண்டு மாதங்களில், அவர்கள் கண்டறியாத மூன்று மாத இருள் சூழ்ந்தது. அரசு 2010இல்தான் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் குடியேறிய இரண்டு இடங்களில் ஒன்றான ரெசொலூட்டுக்கு இனுயிட் மொழியில் ‘கவுசுயித்துக்’ என்று பெயர். விடியாத இடம் என்பது அதன் பொருள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.