டி டிரைவில் இருந்தவை

சயான் கோலிவாடா,
மும்பை.

அன்புள்ள மலர்,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவேன். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

முதலில் நல்ல செய்தி. உன் கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது. 2009 தீபாவளிக்கு வாங்கினோமே, அதேதான். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று சித்தப்பா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தவன் நான். சக்கரம் தேய்ந்தால் சக்கரத்தை மாற்றுவோம், பெட்டியையா தூக்கிப் போடுவோம்? தாதரில் வண்டி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோடில் மூன்று கடை ஏறி இறங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வந்தேன். உள்ளங்கையில் அடங்குகிறது. அம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "காலி டப்பாவை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா?" என்றாள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். நார்த்தங்காய் வந்து சேர்ந்ததா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சேர்ந்துவிட்டது என்று நானே சொல்லிவிட்டேன்.

இருபது நிமிட வேலை என்றான் கடைப் பையன். எனக்கு இரண்டு நாள் ஆனது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றாமல் புதியதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். கம்ப்யூட்டரைக் கிளப்புகிற சின்ன நிரல் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டது. பழையதை எடுத்ததும் திரை கறுப்பு. பிறகு புதியதை மட்டும் மாட்டி, கம்ப்யூட்டர் கிளம்பும்போது வருகிற பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில், டிஸ்க்கோடு பேசுகிற முறை ஐடிஇ என்று இருந்ததைப் புதிய முறையான ஏஹெச்சிஐ என்று மாற்றி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள், விண்டோஸ் 11ஐ இந்தக் கிழட்டு இயந்திரம் தாங்காது, அதனால்தான் மின்ட். எஸ்எஸ்டி இரண்டரை அங்குலம், கேபினெட்டில் இருக்கிற இடமோ மூன்றரை அங்குலத்துக்கு. கடையில் அதற்கென்று ஒரு தட்டு விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. அலுமினியப் பட்டை வெட்டி, துளை போட்டு, நானே செய்தேன். ஃபிட்டர் கை இன்னும் நடுங்கவில்லை என்று தெரிந்துகொள்.

முன்பு கிளம்ப 2 நிமிடம் 40 விநாடி ஆகும். இப்போது 24 விநாடி. பழைய டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வந்து சேரும்வரை மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். இதில் சுற்றவும் ஒன்றுமில்லை, காத்திருக்கவும் ஒன்றுமில்லை. நம் மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கிற வழி பழைய சாட்டா 2, அதனால் எஸ்எஸ்டி தன் வேகத்தில் பாதிதான் ஓடுகிறது. பாதியே இப்படி.

ஆனால் ஒன்று. சத்தமே இல்லை. பழையது கரகரவென்று இருமிக்கொண்டே இருக்கும். அந்த இருமலைக் கேட்டே அதற்கு உடம்பு எப்படி என்று எனக்குத் தெரியும். டக், டக் என்று வேறு மாதிரி சத்தம் வந்தால், இருப்பதை உடனே நகல் எடுத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டி அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லையாம். நேற்று வரை நன்றாக இருக்கும், காலையில் பார்த்தால் ஆளே இருக்காது. உன் லேப்டாப்பிலும் எஸ்எஸ்டிதான் இருக்கும். பேக்கப் எடுத்து வை. ஒரே இடத்தில் வைக்காதே.

நீ போன் செய்து ஏழு ஞாயிறு ஆகிறது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்புகிறாய். அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நகம் வெட்டியிருக்கிறாளா?" என்று கேட்கிறாள். போன வருடம் உனக்குப் பதவி உயர்வு வந்தபோது சங்கத்தில் நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. ராஜன் மாமா வீட்டுக்கு லட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவு பெரிய ஆபீஸை நிர்வகிக்கிறவளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்காதா? சரி, கிடைக்காமலும் இருக்கலாம்.

எஸ்எஸ்டியை நிறைத்துவிடாதே. ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். அதில் எழுதியதன்மேல் அப்படியே திருப்பி எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் புதிதாக எழுதும். அதற்கு முன் அங்கே இருக்கிற நல்லதை வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த இடமில்லாவிட்டால் திணறும், சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும் உள்ளேயே போட்டு அடைத்துவைத்தால் எதுவும் தாங்காது. சிதறிக் கிடக்கிற கோப்புகளை ஒன்றுசேர்க்கிற டிஃப்ராக் செய்யாதே, இதற்கு அது தேவையில்லை. பயன்படுத்தாத எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் அலமாரியில் வைத்துவிடாதே. மின்சாரம் காணாமல் கிடந்தால் உள்ளே இருப்பது மெல்ல மங்கிவிடும். அவ்வப்போது மாட்டி எடு. பேக்கப் எடுத்து வை.

டிரிம் என்று ஒன்று இருக்கிறது. மின்ட் வாரம் ஒருமுறை தானாகவே செய்கிறது. நாம் அழித்த கோப்புகள் இருந்த இடத்தை, இது இனி வேண்டாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க்கும் துடைத்துவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. இதைப் படித்தபோதுதான் மேசையில் கழற்றி வைத்திருந்த பழைய டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தேன்.

2011 மே மாதம். உன் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள். டி டிரைவை வைரஸ் தின்றுவிட்டது என்று சொன்னேன். வைரஸ் எதுவும் வரவில்லை, மலர். நான்தான் ஃபார்மேட் செய்தேன். ராஜன் மாமா கொடுத்த கேமராவால்தான் மார்க் குறைந்தது என்று முடிவு கட்டினேன். கும்பார்வாடா சூளைப் புகை, சசூன் டாக்கில் மீன் கூடைகள், இரண்டு வருடம் நீ அலைந்து எடுத்த அத்தனையும். ஒரு பொத்தான்தான். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன், பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீ அழவில்லை. கேமராவை மாமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பி.காம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாய். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு நீ இந்த வீட்டில் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் செய்தது குயிக் ஃபார்மேட். அது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கும், பக்கங்கள் உள்ளேயே இருக்கும். மேலே வேறு எதையும் எழுதாதவரை. குற்ற உணர்ச்சியோ என்னவோ, டி டிரைவில் பஜனை மண்டலி கணக்கைத் தவிர நான் எதையும் போட்டதில்லை. போட்டோரெக் என்ற இலவச நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டேன். பழையதிலிருந்து படிக்க மட்டும், எழுதுவதெல்லாம் புதியதில். காலையில் 1,312 படங்கள். நீ வைத்த பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்கள்தான். சிலவற்றில் மேல்பாதி மட்டும் இருக்கிறது, மீதி சாம்பல் நிறம். அன்று வீட்டில் எஸ்எஸ்டி இருந்திருந்தால், டிரிம் ஒன்றைக்கூட விட்டுவைத்திருக்காது.

அதில் ஒன்றில் நான் இருக்கிறேன். எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாய். பால்கனியில் குனிந்து என்னவோ செய்துகொண்டிருக்கிறேன். என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை, கைகள் இருக்கிற பாகம் சாம்பலாகிவிட்டது.

எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டேன். ஒன்று இங்கே இருக்கும். ஒன்று உனக்கு.

நார்த்தங்காய்ப் பார்சல் போன மாதம் 9ஆம் தேதி திரும்பி வந்துவிட்டது. இந்த விலாசத்தில் இப்போது யாரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளையின் போனும் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பதில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். பென் டிரைவை எங்கே அனுப்புவது என்று மட்டும் எழுது. காரணம் எழுத வேண்டாம். இங்கே கொண்டுவந்து கொடுங்கள் என்றாலும் வருகிறேன், உத்யான் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிதானே.

பார்சலை மானிட்டர் வந்த பழைய அட்டைப் பெட்டிக்குள் மறைத்து வைத்திருக்கிறேன். அம்மா கேட்டால் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல். நான் ருசி பார்த்துவிட்டேன், தூக்கல்தான்.

அப்பா